56-ஐத் தேடி: பொன்மலை மாமாவுடன் ஓர் இங்கிலாந்துச் சுற்று

மே 15, வியாழன் – ஹாரிச்

மானிங்ட்ரீயில் இறங்கி, இரண்டே பெட்டிபோல் தெரிந்த ஒரு கிளை வண்டியில் ஏறினோம். கிளைப் பாதைக்கு மேஃபிளவர் பாதை என்று பெயர். 1620இல் அமெரிக்கா போன மேஃபிளவர் கப்பலின் தலைவர் கிறிஸ்டோபர் ஜோன்ஸின் வீடு ஹாரிச்சில் இன்னும் நிற்கிறது. எங்களோடு இறங்கியவர்களில் பாதிப் பேர் அதைப் பார்க்கத்தான் போனார்கள். மாமா எதிர்த்திசையில், துறைமுக ஓரத்தில், துருப்பிடித்த இரும்புக் கோபுரம் ஒன்றை நோக்கி நடந்தார்.

மாமா பொன்மலை டீசல் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு, ஈஸ்ட் ஹாமுக்கு வந்திருக்கிறார். லண்டன் பாலம், மெழுகுச் சிலை எல்லாம் முதல் வாரத்திலேயே அலுத்துவிட்டது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "வெள்ளைக்காரன் ருமேனியாவுல போயி எஞ்சின் வாங்கியிருக்கான், தெரியுமா மாப்ளே?" என்றார். எனக்குத் தெரியாது. இந்தப் பயணம் அங்கே தொடங்கியது.

விஷயம் இதுதான். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு மின்சாரத்துக்கு நிலக்கரிதான் கதி என்று பிரிட்டனில் கணக்குப் போட்டார்கள். கரி வண்டிகளை இழுக்கப் பலமான சரக்கு எஞ்சின் அவசரமாகத் தேவைப்பட்டது. ரயில்வேயின் சொந்தப் பட்டறைகளில் இடமில்லை. லஃப்பரோவில் இருந்த பிரஷ் நிறுவனத்திடம் வேலை போனது. அவர்களிடமும் இடமில்லை, ருமேனியாவின் க்ராயோவா நகரில் எலக்ட்ரோபுத்தேரே என்ற ஆலைக்குக் கைமாற்றினார்கள். சுவிஸ் உரிமத்தில் டீசல் எஞ்சின்கள் கட்டிப் பழகிய ஆலை அது. பிரிட்டனில் ஒவ்வொரு எஞ்சின் வகைக்கும் ஒரு வகுப்பு எண் உண்டு, இதற்கு 56. மொத்தம் 135, அதில் முதல் 30 ருமேனியாவில் கட்டியவை.

அந்த முப்பதும் தண்டவாளத்தின் மேலேயே ஐரோப்பாவைக் குறுக்காகக் கடந்து, பெல்ஜியத்தின் ஜீப்ரூகேயில் ரயில் ஏற்றும் கப்பலுக்குள் போய், ஹாரிச்சில் இறங்கியிருக்கின்றன. முதல் இரண்டு வந்தது 1976 ஆகஸ்டில். பிரிட்டனில் இன்றும் பேசும் அந்த வறட்சிக் கோடையில்!

நாங்கள் போன அன்று வெயில் பளீரென்று இருந்தது, ஆனால் கடல் காற்று காதை அறுத்தது. இரும்புக் கோபுரம்தான் அந்தக் கப்பல் துறையின் மிச்சம். கப்பலின் தளமும் தரைத் தண்டவாளமும் ஒரே மட்டத்தில் வர, அலை ஏறி இறங்குவதற்கு ஏற்ப நடுவில் ஒரு பாலத்தைத் தூக்கி இறக்க வேண்டும். அதற்கான இயந்திரங்கள் உச்சியில் இருந்தன. 1924இல் தொடங்கிய சேவை 1987இல் நின்றது. வேலியைத் தாண்டிக் கிட்டே போக வழியில்லை. மாமா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றார். "நூத்தி இருபத்தாறு டன்னு. அதை அலையில ஆடுற கப்பல்ல இருந்து உருட்டி இறக்கியிருக்கான்" என்று இரண்டு தடவை சொன்னார்.

நாயோடு நடந்துவந்த ஒரு பெரியவர், நாங்கள் பார்ப்பதைப் பார்த்து நின்றார். மேஃபிளவர் வீட்டுக்கு வழி தெரியவில்லையோ என்று நினைத்திருப்பார் போல, கையைப் பிடிக்காத குறையாகத் தெருமுனை வரை கூட வந்து காட்டினார். மறுக்க மனமில்லாமல் அதையும் பார்த்துவிட்டோம். மீனும் சிப்ஸும் ஒரு தட்டு 11 பவுண்டு 50. ஒன்று வாங்கி இரண்டு பேர் சாப்பிட்டும் மிச்சம். கடற்பறவை ஒன்று மாமாவின் கையிலிருந்தே ஒரு துண்டைப் பறித்துப் போனது.

மே 16, வெள்ளி – டான்காஸ்டர்

கிழக்குக் கடற்கரைப் பாதையின் வேகத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஏறினோம், தூங்கினோம், வந்துவிட்டது.

டான்காஸ்டர் பட்டறையை ஊரில் எல்லாரும் 'பிளான்ட்' என்றுதான் சொல்கிறார்கள். 1853இல் தொடங்கியது. 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்' இங்கே 1923இல் கட்டியது, நீராவி எஞ்சின்களில் உலக வேக சாதனை வைத்திருக்கும் 'மல்லார்ட்' 1938இல் கட்டியது. 56ஆம் வகுப்பில் 56031 முதல் 56115 வரை, அதாவது 85 எஞ்சின்கள், இந்தப் பட்டறையிலிருந்து வெளியே வந்தவை. பெரிய கூடங்களை 2008இல் இடித்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது வரிசை வீடுகள், வாசலில் குழந்தைகளின் மிதிவண்டிகள். மாமா ஒரு சொல்லும் பேசவில்லை. பொன்மலைக்கு அப்படி ஒரு நாள் வந்தால் என்று நினைத்தாரோ என்னவோ, நான் கேட்கவில்லை.

ஊர் அருங்காட்சியகத்துக்கு டேனம் என்று பெயர். நுழைவு இலவசம். உள்ளே போனால் கண்ணாடிக்குப் பின்னால் முழுசாக இரண்டு நீராவி எஞ்சின்கள் நிற்கின்றன, நூலகத்துக்குப் பக்கத்திலேயே. ஒன்று 'கிரீன் ஆரோ'. ஒரு பாட்டி பேரனுக்குக் கதைப் புத்தகம் தேடிக்கொண்டிருக்க, அவள் தலைக்குப் பின்னால் ஆள் உயரச் சக்கரம். இப்படி ஒரு நூலகம் நம் ஊரில் இருந்தால் நான் படிக்கவே மாட்டேன், சக்கரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

டீசல் கதை அங்கே ஓரமாகத்தான் கிடைக்கிறது. எனக்கு அதில் பிடித்தது 58ஆம் வகுப்பு. 56ஐக் கட்டுவது செலவு பிடித்த வேலை. உடம்பே பாரம் தாங்கும் அமைப்பு என்பதால் ஒவ்வொரு தகடும் கணக்காகப் பொருந்த வேண்டும். அதனால் அடுத்த வகுப்பை எளிதாக்கினார்கள். உறுதியான ஓர் அடிச்சட்டம், அதன் மேல் தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய பாகங்கள். வெளிநாட்டுக்கும் விற்கலாம் என்பது திட்டம். 1983 முதல் 1987 வரை 50 கட்டினார்கள், எல்லாம் இந்த ஊரில். வெளிநாட்டிலிருந்து ஒரு ஆர்டரும் வரவில்லை. அப்புறம் 2002இல் பிரிட்டனில் வேலையிலிருந்து எடுத்த பிறகு, வாடகைக்கு நெதர்லாந்து, ஸ்பெயின், பிரான்ஸ் என்று போய் ஓடியிருக்கின்றன. புதிதாக இருந்தபோது விலைபோகாதது ஓய்வு பெற்ற பிறகு வெளிநாடு போயிருக்கிறது. "என்னைய மாதிரி" என்றார் மாமா.

சந்தையில் மீன் பகுதி பிரமாதம். நண்டை நம் கண் முன்னால் உடைத்துச் சின்னக் கிண்ணத்தில் தருகிறார்கள், மேலே வினிகர். கடைக்காரப் பெண்மணி எல்லாரையும் 'லவ்' என்று கூப்பிட்டார். மாமாவையும். மாமா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

மே 17, சனி – பேரோ ஹில்

செஸ்டர்ஃபீல்டில் இறங்கியதும் ஜார்ஜ் ஸ்டீவன்சன் சிலை வரவேற்கிறது. அவரை அடக்கம் செய்ததும் இந்த ஊரில்தான். தலையைத் தூக்கினால் தேவாலயக் கோபுரம் முறுக்கிக்கொண்டு சாய்ந்து நிற்கிறது. அதைப் பார்க்க வருகிறவர்கள் நிறைய. எங்களுக்கு நேரமில்லை, பேருந்து நின்றுகொண்டிருந்தது. இங்கிலாந்தில் எவ்வளவு தூரம் போனாலும் பெரும்பாலான பேருந்துகளில் ஒரு பயணத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2025இல் வரம்பு வைத்திருந்தார்கள். சில்லறை எண்ணும் ஆட்களுக்கு இது பெரிய உபகாரம்.

பேரோ ஹில் ஒரு வட்டக் கொட்டகை. 1870இல் மிட்லண்ட் ரயில்வே கட்டியது. நடுவில் சுழல்மேடை, சுற்றிலும் எஞ்சின் நிற்கும் தடங்கள். 1991 வரை வேலை நடந்திருக்கிறது. பூட்டியதோடு போகாமல் ஊர்க்காரர்கள் போராடிக் காப்பாற்றி, 1998இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். உள்ளே நுழைந்ததும் எண்ணெய், கரி, ஈரச் செங்கல் எல்லாம் சேர்ந்த ஒரு வாடை. மாமா மூச்சை இழுத்துவிட்டு, "இதுதான்" என்றார்.

56006 நீல வண்ணத்தில் நின்றது. ருமேனியாக் கூட்டத்தில் ஒன்று. முகப்பில் ஹாரனை மூடிய கம்பிச் சட்டம் ஒன்று இருக்கும். அதை வைத்துத்தான் இந்த வகுப்புக்கே 'கிரிட்' என்று பட்டப்பெயர். பக்கவாட்டுத் தகட்டில் கையை வைத்து மாமா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தார். வெல்டிங் தழும்பை விரலால் தடவினார். குனிந்து, சக்கரங்களைத் தாங்கும் சட்டமான போகிக்குள் எட்டிப் பார்த்தார். அழுக்கு மேலங்கி போட்ட தன்னார்வலர் ஒருவர், திட்ட வரப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் கைவிளக்கை மாமா கையில் கொடுத்தார்.

அப்புறம் ஒரு மணி நேரம் இருவருக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளன். ருமேனியாவில் கட்டியவை மோசம் என்பது இந்த நாட்டு எஞ்சின் பிரியர்களிடையே ஊறிப்போன பேச்சு. வந்து இறங்கியதும் ஓட்டத்துக்கு விட முடியவில்லை. கோளாறுகளைச் சரிசெய்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். 1977இல்தான் உருப்படியாக ஓடத் தொடங்கின. வேலையிலிருந்து முதலில் கழித்துக்கட்டப்பட்டவற்றிலும் ருமேனியா எஞ்சின்களே அதிகம். தன்னார்வலரும் இதையெல்லாம் ஒப்புக்கொண்டார், ஆனால் தன் எஞ்சினைப் பற்றி யாராவது குறை சொன்னால் முகம் மாறுகிறது.

மாமாவின் தீர்ப்பு வேறு. "தகடு வெட்டுனவன் மேல தப்பில்ல மாப்ளே. ஆர்டர் கொடுத்தவன் அவசரத்துல கொடுத்தான். வாங்குனவன் இன்னொருத்தன்கிட்ட கொடுத்தான். நடுவுல நின்னு பாக்க ஆள் இல்ல. இப்படிக் கைமாறுனா எந்த ஊர்லயும் இதான் வரும்." எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. அதே வரைபடத்தை வைத்துத்தானே டான்காஸ்டர்காரர்களும் கட்டினார்கள், தொடக்கத்தில் அவையும் அடிக்கடி பட்டறைக்கு வந்திருக்கின்றன.

இந்த எஞ்சின் செய்த வேலையைத் தன்னார்வலர் விவரித்தது அழகாக இருந்தது. சுரங்கத்திலிருந்து அனல்மின் நிலையத்துக்குக் கரி போகும். வண்டி எங்கேயும் நிற்காது. சுரங்கத்தில் மேலே இருக்கும் தொட்டிக்குக் கீழே ஊர்ந்துபோகும்போதே பெட்டிகள் நிரம்பும். மின் நிலையத்தில் ஊர்ந்துபோகும்போதே அடிக்கதவு திறந்து கரி கொட்டும். அப்படியே வளையப் பாதையில் சுற்றித் திரும்பும். அதற்காக, மனிதன் நடப்பதைவிட மெதுவாக வேகம் மாறாமல் போக ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை வைத்தார்கள். 3,250 குதிரைத் திறன் எஞ்சின், நத்தை வேகத்தில்! டான்காஸ்டரில் கட்டிய 56074க்கு 'கெல்லிங்லி காலியரி' என்று ஒரு சுரங்கத்தின் பெயரையே வைத்தார்கள். பிரிட்டனின் கடைசி ஆழ் நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லியை 2015 டிசம்பரில் மூடினார்கள். கடைசிக் கரி மின் நிலையம் 2024 செப்டம்பரில் நின்றது.

சனிக்கிழமை மாமாவுக்கு விரதம், அசைவம் கிடையாது. தேநீர்க் கடையில் பன்றி இறைச்சி வைத்த பன் தவிரக் கேக் மட்டும்தான் இருந்தது. இதைக் கேட்ட தன்னார்வலர், தன் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சீஸ் சாண்ட்விச்சில் பாதியை நீட்டினார். காசு கொடுக்க முயன்றேன், சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

மே 18, ஞாயிறு – நியூட்டன்-லெ-வில்லோஸ்

ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் ரயிலில் போவது என்று முடிவெடுத்தவன் பொறுமைசாலியாக இருக்க வேண்டும். பாதையில் பராமரிப்பு வேலை, பாதி வழியில் இறக்கிப் பேருந்தில் ஏற்றினார்கள். பேருந்து ஓட்டுநருக்கு நிலையம் எங்கே என்று தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பள்ளி மாணவி கைபேசியைப் பார்த்து வழி சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டு மணி நேரப் பயணம் நான்கரை ஆனது. யாரும் சத்தம் போடவில்லை. பெருமூச்சு மட்டும் அவ்வப்போது கேட்டது.

இவ்வளவு சிரமப்பட்டு வந்தது 56இன் இதயம் பிறந்த இடத்தைப் பார்க்க. ரஸ்டன் பாக்ஸ்மன் நிறுவனத்தின் பதினாறு உருளை எஞ்சின்கள் இங்கிருந்த வல்கன் பட்டறையில் தயாரானவை. 1830களில் தொடங்கிய பட்டறை. 1853இல் பம்பாயிலிருந்து தானே வரை ஓடிய இந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை இழுத்த எஞ்சின்களும் இதே இடத்தில் கட்டியவைதான். இது தெரிந்ததும் மாமாவுக்குக் களைப்பு பறந்துவிட்டது.

பட்டறை 2002இல் மூடப்பட்டு, மண்ணோடு மண்ணாகி, இப்போது மறுபடியும் வீடுகள். தொழிலாளிகளுக்காக அந்தக் காலத்தில் கட்டிய செங்கல் வீடுகள் மட்டும் முக்கோணமாக நிற்கின்றன, வல்கன் கிராமம் என்ற பெயரில். ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பட்டறை எங்கே இருந்தது என்று கேட்டோம். "நீங்கள் நிற்கிற இடம்தான்" என்றார்.

மே 19, திங்கள் – லாங்போர்ட், குரூ

ஸ்டோக் பக்கத்து ஓட்கேக் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பெயரைக் கேட்டு இனிப்பு என்று நினைக்க வேண்டாம். ஓட்ஸ் மாவை லேசாகப் புளிக்கவைத்து, கல்லில் ஊற்றி, திருப்பிப் போட்டு, உள்ளே சீஸ் வைத்து மடித்துத் தருகிறார்கள். கோதுமை தோசையேதான். மாமா மூன்று சாப்பிட்டார். மொத்தமாக 9 பவுண்டுக்குள் முடிந்தது. சட்னி இல்லாத குறைக்குப் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒரு புளிப்புச் சாறு கொடுத்தார்கள். அது இல்லாமலே நன்றாக இருந்தது. கடைக்காரர் எங்களை 'டக்' என்று அழைத்தார். டான்காஸ்டரின் 'லவ்'வைவிட இது ஒரு படி கீழே என்பது மாமாவின் கருத்து.

லாங்போர்ட் நிலையத்தை ஒட்டியே ஒரு பட்டறை இருக்கிறது. பழைய 56களைக் கொண்டுவந்து, பெயின்ட்டை உரித்து, உள்ளே இருக்கும் பழைய டீசல் எஞ்சினைத் தூக்கி எறிந்துவிட்டு, இஎம்டி என்ற அமெரிக்க நிறுவனத்தின் எஞ்சினை வைத்துத் தைக்கிறார்கள். புது வகுப்பு எண் 69. உடம்பு பழசு, உயிர் புதுசு. புதிதாக வாங்க முடியாததற்குக் காரணம் புகை விதிகள். ஐரோப்பாவில் வந்த கடுமையான வரம்புக்குள், அந்தப் பழைய வகை எஞ்சினோடு புது வண்டி கட்டி விற்க முடியாது. ஏற்கெனவே இருக்கும் வண்டியைப் புதுப்பித்தால் முடியும். முதலில் வெளிவந்த 69001, டான்காஸ்டரில் முதன்முதலில் கட்டிய அதே 56031. அதற்கு வைத்த பெயர் 'மேஃபிளவர்'!

வாசலில் காவலர் மரியாதையாக முடியாது என்றார். "முன்கூட்டி எழுதியிருந்தால்…" என்று இழுத்தார். மாமா தன் பழைய ரயில்வே அடையாள அட்டையைக் காட்டினார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கி, நின்று படித்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பதில் மாறவில்லை.

அங்கிருந்து குரூ பக்கம்தான். கடைசி 20 எஞ்சின்கள், 116 முதல் 135 வரை, குரூ பட்டறையில் 1984 வரை கட்டியவை. ஊரின் ரயில் பாரம்பரிய மையம் திங்கட்கிழமை திறக்காது. நடைமேடைக் கோடியில் நோட்டுப் புத்தகமும் ஃபிளாஸ்க்குமாக நான்கைந்து பேர் எண் குறித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் 69 இந்தப் பக்கம் வருமா என்று கேட்டேன். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். லண்டன் என்றேன். கூட்டம் மொத்தமும் சிரித்தது. "டன்பிரிட்ஜ் போயிருக்கலாமே. உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம்."

மே 20, செவ்வாய் – டன்பிரிட்ஜ்

மாமாவின் மகள் காலையிலேயே முறைத்தாள். "அப்பா, முழங்கால் வலிக்குதுன்னு ராத்திரி பூரா முனகுனீங்க." மாமா ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார்.

டன்பிரிட்ஜ் நிலையத்தின் மேற்கே சரக்கு யார்டு. நடைமேடை முனைக்குப் போனாலே தெரிகிறது. இரண்டு 69கள் நின்றன. நாங்கள் தேடிய 001 இல்லை. சரி, பரவாயில்லை. முகம் சற்று மாறியிருக்கிறது, பக்கவாட்டுத் தகடு அப்படியே பேரோ ஹில்லில் பார்த்தது. பதினோரு மணிக்கு ஒன்றை ஸ்டார்ட் செய்தார்கள். மாமா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார்.

"டூ-ஸ்ட்ரோக். 710. நம்ம டபிள்யூடிஜி-4 மாதிரியே. ஆனா அதுல பதினாறு உருளை. இது பன்னெண்டுதான், கேளு, எண்ணிக்கோ."

710 என்பது இஎம்டி எஞ்சினின் வகை, டபிள்யூடிஜி-4 நம் ஊர் சரக்கு டீசல் வண்டி. எனக்கு டர்ர்ர் என்று ஒரே சத்தமாகத்தான் கேட்டது. பொன்மலை ஷெட்டில் கடைசி வருடங்களில் இந்தக் குடும்பத்து எஞ்சின்களைத்தான் பிரித்துக் கோத்திருக்கிறார். பக்கத்தில் கேமராவோடு நின்ற ஒரு பையன், பதினான்கு வயது இருக்கும், என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டான். சொன்னேன். அவன் கண் விரிந்தது. இந்தியாவிலும் இதே எஞ்சினா என்றான்.

மாமா அவன் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, கடைசிப் பக்கத்தில் உருளையைப் படம் போட ஆரம்பித்தார். ஒரு கனெக்டிங் ராடு கவை மாதிரி, இன்னொன்று அதன் நடுவில் நுழையும் கத்தி மாதிரி, இரண்டும் ஒரே பின்னில். உருளை கெட்டால் எஞ்சினை இறக்க வேண்டாம், அந்த ஒரு தொகுதியை மட்டும் உருவிப் புதிதை வைக்கலாம், எத்தனை பேர், எத்தனை மணி நேரம். தமிழும் உடைந்த ஆங்கிலமுமாக. நான் நடுவில் மொழிபெயர்க்கப் போனேன், இருவருமே என்னைக் கவனிக்கவில்லை. ஒன்றே முக்கால் வண்டியை விட்டோம். இரண்டே கால் வண்டியையும் விட்டோம்.